கூட்டத்தின் நாட்காட்டி: ஐப்பசி, கார்த்திகையில் அந்தமான் செல்வோருக்கு ஒரு பாடம்

அந்தமான் தீவுகளில் நான் மூன்றாண்டுகள் பணியாற்றியவன் என்பது தெரிந்தவுடன், கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள் பலரும் ஒரே கேள்வியைக் கேட்பது வழக்கம்: "சார், அந்தமானுக்கு எந்த மாதம் போகலாம்?" ஒரு மாதத்தின் பெயரை மட்டும் விடையாகச் சொல்லிவிட்டால் அது அரைகுறை விடையாகிவிடும். வைப்புத்தொகைக்கு எவ்வளவு காலம் ஏற்றது என்று கேட்பவரிடம், "எப்போது பணம் தேவைப்படும்?" என்று நாங்கள் திருப்பிக் கேட்கிறோம் அல்லவா? பயணத்திற்கும் அது பொருந்தும். யாருடன் செல்கிறீர்கள், எதைக் காண விரும்புகிறீர்கள், எத்தனை நாள் கூடுதலாகத் தங்க இயலும் என்பனவற்றை அறிந்த பின்னரே காலத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

இக்கட்டுரை, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்தமானின் தலைநகரைக் காணச் செல்வோர் கூட்ட நெரிசலைத் தவிர்ப்பது எவ்வாறு என்பதை விளக்குகிறது. அந்நகரை நாம் நெடுங்காலம் போர்ட் பிளேர் என்று அழைத்தோம். 2024 செப்டம்பரில் மத்திய அரசு அதற்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் சூட்டியது. பயணச்சீட்டுகளிலும் பேச்சு வழக்கிலும் இரு பெயர்களும் புழங்குவதால் இரண்டையும் நினைவில் கொள்க.

ஒரு தவறு

முதலில் என் தவறிலிருந்தே தொடங்குகிறேன். தீவுக்கு மாற்றலாகிச் சென்ற முதலாண்டில், தஞ்சையிலிருந்து என் பெற்றோரை வரவழைத்தேன். அக்டோபரில் எனக்குத் தொடர்ச்சியாகச் சில விடுமுறைகள் கிடைத்தன. அதை மட்டுமே பார்த்து நாளைக் குறித்தேன். அவ்விடுமுறைகள் எனக்கு ஏன் கிடைத்தனவோ அதே காரணத்தால் நாட்டின் பாதிப் பேருக்கும் கிடைத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. அது துர்கா பூஜை வாரம்.

என் தாயாருக்கு முழங்கால் வலி உண்டு. பள்ளி ஆசிரியையாக இருந்தபோது செல்லுலார் சிறையைப் பற்றிப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர். அந்தமானில் அவர் காண விரும்பியது அந்த ஓரிடம்தான். பிற்பகல் மூன்று மணிக்கு நாங்கள் சென்றபோது நுழைவாயிலில் நீண்ட வரிசை நின்றது. உள்ளே நுழைந்ததும் முற்றத்து மரநிழலில் அமர்ந்துவிட்டார். "நீ போயிட்டு வாப்பா. என்னால இந்தக் கூட்டத்துல படியேற முடியாது" என்றார். நானும் தந்தையாரும் மேலே சென்று, பிறர் தோள்களுக்கு இடையே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தோம். பயணத்துக்குச் செய்த செலவு முழுவதும் யாருக்காகவோ அவருக்கு அது பயன்படவில்லை. தவறு என்னுடையது. நாளைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

இரண்டு சொற்கள், இரண்டு பருவங்கள்

பயணம் பற்றிய ஆங்கில நூல்களும் இதழ்களும், "இலையுதிர் காலத்தில் செல்லுங்கள், கூட்டம் குறைவு" என்று பொதுவாகப் பரிந்துரைக்கும். அறிவுரை நல்லதுதான்; ஆனால் அது ஐரோப்பிய நகரங்களுக்காகக் கூறப்பட்டது. அங்கே கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்துவிட்டால் சுற்றுலாப் பயணிகள் குறைவர். அங்கேயும் அது எல்லா நகரங்களுக்கும் பொருந்துவதில்லை. ஜப்பானின் கியோட்டோ நகரில் நவம்பர் பிற்பகுதியில் மேப்பிள் இலைகள் சிவக்கும் நாள்களே கூட்டம் மிகுந்த நாள்கள். ஆகவே பருவத்தின் பெயரைக் கொண்டு கூட்டத்தைக் கணிக்க இயலாது. ஒவ்வோர் ஊருக்கும் மக்கள் எந்தக் காரணத்தால் வருகின்றனர் என்பதை ஆராய வேண்டும்.

தமிழில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். குளிர்ந்த காற்றும் வடகிழக்குப் பருவமழையும் உரிய காலம் அது. அந்தமானிலும் இதுவே மழை மாறும் பருவம். தென்மேற்குப் பருவக்காற்று இந்திய நிலப்பகுதியை அடையும் முன்னரே, மே மாதப் பிற்பகுதியில் அந்தமானை அடைகிறது. அங்கு ஓராண்டில் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. செப்டம்பர் வரை மழை மிகுதி. அக்டோபர், நவம்பர் மாதங்களில் இடைவெளி விட்டுப் பெய்து, டிசம்பரில் மேலும் குறைந்து, ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட வானிலை நிலவும்.

இவ்வளவில் நின்றுவிட்டால், மழை ஓயத் தொடங்கும் அக்டோபரே சிறந்தது என்று தோன்றும். நானும் அவ்வாறுதான் எண்ணினேன். வானிலையின் நாட்காட்டியை மட்டும் பார்த்தேன். கூட்டத்தின் நாட்காட்டியைப் பார்க்கவில்லை.

கூட்டம் எங்கிருந்து வருகிறது?

ஆண்டின் பிற்பாதியில் அந்தமானுக்கு வரும் பெருங்கூட்டத்திற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, துர்கா பூஜை விடுமுறை. கொல்கத்தாவிலிருந்து நேரடி விமானங்களும் கப்பலும் உண்டு. வங்கக் குடும்பங்கள் பூஜை விடுமுறையில் வெளியூர் செல்வதை ஒரு மரபாகவே கொண்டுள்ளன. அங்குள்ள பல பள்ளிகளின் விடுமுறை பூஜையில் தொடங்கித் தீபாவளிக்குச் சற்றுப் பின்வரை நீள்கிறது. ஆகவே இக்கூட்டம் ஒரு வாரத்தில் வடிந்துவிடுவதில்லை.

இரண்டாவது, விடுமுறைப் பயணச் சலுகை. மத்திய அரசு ஊழியர்கள் சொந்த ஊர்ப் பயணத்துக்கு மாற்றாக அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு விமானத்தில் செல்ல அனுமதிக்கும் சிறப்பு ஏற்பாடு பல ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டு வந்துள்ளது. வங்கி ஊழியர்களாகிய எங்களுக்கும் இதையொத்த சலுகை உண்டு. இச்சலுகைகள் குறிப்பிட்ட ஆண்டுத் தொகுதிகளாகக் கணக்கிடப்படுகின்றன. தொகுதி முடியும் ஆண்டின் இறுதி மாதங்களில், "இதுவரை பயன்படுத்தவில்லையே" என்று விண்ணப்பங்கள் குவிவதை எந்த அலுவலகத்திலும் காணலாம். மத்திய அரசு ஊழியர்களுக்கு அடுத்த தொகுதியின் முதலாண்டிலும் பயன்படுத்திக்கொள்ள வாய்ப்பு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

மூன்றாவது, ஆண்டிறுதி. டிசம்பர் மூன்றாம் வாரம் முதல் ஜனவரி முதல் வாரம் வரை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைக்காக நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். விமானக் கட்டணமும் அறை வாடகையும் அப்போதுதான் உச்சத்தைத் தொடுகின்றன.

இம்மூன்றுக்கும் நடுவே, தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த பின்னரும் டிசம்பர் மூன்றாம் வாரம் தொடங்கும் முன்னரும் ஓர் இடைவெளி அமைகிறது. அந்த இடைவெளியே நாம் தேட வேண்டிய காலம்.

இடைவெளியைக் கணக்கிடும் முறை

இந்த இடைவெளி ஆண்டுதோறும் ஒரே தேதியில் தொடங்குவதில்லை. பூஜையும் தீபாவளியும் திதியைப் பின்பற்றி வருவதால் அவை ஆங்கில நாட்காட்டியில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். 2024இல் தீபாவளி அக்டோபர் 31. 2025இல் அது அக்டோபர் 20. 2026இல் நவம்பர் 8. விஜயதசமி தீபாவளிக்கு ஏறத்தாழ இருபது நாள்கள் முன்னர் வரும்.

கணக்கு எளிது. தீபாவளித் தேதியுடன் எட்டு நாள்களைக் கூட்டுக. அது இடைவெளியின் தொடக்கம். டிசம்பர் 15ஐ அதன் முடிவாகக் கொள்க. 2025இல் இந்த முறைப்படி அக்டோபர் 28இல் தொடங்கிய இடைவெளி ஏழு வாரம் நீண்டது. 2026இல் நவம்பர் 16 முதல் டிசம்பர் 15 வரை நான்கு வாரமே கிடைக்கும். "நவம்பர் முதல் வாரம் அமைதியாக இருந்தது" என்று சென்ற ஆண்டு சென்று வந்தவர் கூறுவதை நம்பி 2026 நவம்பர் முதல் வாரத்துக்குச் சீட்டு எடுப்பவர், தீபாவளிக் கூட்டத்தின் நடுவே போய் இறங்குவார். அவர் கூறியது பொய்யன்று. ஆனால் அது அவருடைய ஆண்டுக்கு மட்டுமே பொருந்தும் உண்மை.

பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு நவம்பர் மாத இடைவெளி பயன்படாது. அவர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையைப் பார்க்கலாம். அது பெரும்பாலும் செப்டம்பர் இறுதியில் தொடங்கிக் காந்தி ஜெயந்தியை ஒட்டி முடிகிறது. 2025இல் விஜயதசமியே அக்டோபர் 2இல் வந்ததால் இரு விடுமுறைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பூஜை அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குத் தள்ளிப்போகும் 2026 போன்ற ஆண்டுகளில், நம் பிள்ளைகளின் விடுமுறை பூஜைக் கூட்டத்துக்கு முன்னரே வந்துவிடும். தென்மேற்குப் பருவத்தின் கடைசி மழையும் கொந்தளிக்கும் கடலும் அப்போது இருக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டால், நகரை நிதானமாகக் காண அது நல்ல வாய்ப்பு.

கூட்டம் குறைவதற்கும் ஒரு காரணம் உண்டு

எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. வழக்கத்தைவிட அதிக வட்டி தருவதாக ஒருவர் கூறினால், அதற்குள் மறைந்திருக்கும் இடர் என்ன என்று முதலில் கேட்க வேண்டும். கூட்டம் குறைந்த காலத்துக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

விடை, புயல். வங்காள விரிகுடாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயற்சின்னங்கள் அடிக்கடி உருவாகின்றன. அவற்றுள் சில அந்தமான் கடற்பகுதியிலேயே பிறந்து மேற்கு நோக்கி நகர்கின்றன. 2013ஆம் ஆண்டு அக்டோபரில் பைலின் புயலாக மாறிய சின்னமும், அதே ஆண்டு நவம்பர் இறுதியில் லெஹர் புயலும் அந்தமானைக் கடந்தே ஆந்திர, ஒடிசாக் கடற்பகுதிகளை நோக்கிச் சென்றன. 2016 டிசம்பர் முதல் வாரத்தில் உருவான தாழ்வு மண்டலத்தால் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சில நாள்கள் சிக்கிக்கொண்டனர். கடற்படையும் கடலோரக் காவற்படையும் கப்பல்களை அனுப்பி அவர்களை மீட்டன. அதே சின்னம்தான் பின்னர் வர்தா புயலாக வலுப்பெற்று, டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கியது. சென்னைவாசிகள் மறக்க இயலாத அந்நாளுக்கு ஒரு வாரம் முன்னரே அந்தமானில் அதன் கதை தொடங்கிவிட்டது.

இதைக் கேட்டு அஞ்சிப் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. இடருக்கு ஒதுக்கீடு செய்தால் போதும். இதற்கு மூன்று விதிகளைப் பின்பற்றலாம்.

முதல் விதி: பிற தீவுகளுக்குச் செல்லும் நாள்களைப் பயணத்தின் தொடக்கத்தில் வைத்து, கடைசி இரு நாள்களையும் தலைநகரிலேயே கழிக்க வேண்டும். ஹேவ்லாக்கும் நீலும் 2018 டிசம்பர் 30 முதல் ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று பெயர் மாற்றம் பெற்றவை. அங்கிருந்து திரும்பும் படகு ஒரு நாள் நின்றாலும் விமானத்தைத் தவறவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு உதவும்.

இரண்டாம் விதி: எந்த வேலையும் குறிக்கப்படாத ஒரு நாளைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் அது ஓய்வு நாள். இல்லையேல் அதுவே காப்பு நாள்.

மூன்றாம் விதி: புறப்படுவதற்கு ஐந்து நாள்கள் முன்னரிலிருந்தே இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்புகளைக் கவனிக்க வேண்டும். கடல் எச்சரிக்கை வந்தால் படகுகள் நிறுத்தப்படும். படகுத்துறையில் நிற்கும் ஊழியரிடம் வாதிடுவதில் பயனில்லை.

நகருக்குள் நாளைப் பிரிக்கும் முறை

சரியான வாரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டாலும், நாளுக்குள் ஏறி இறங்கும் கூட்டம் வேறு. அதற்கும் ஒரு காரணம் உண்டு. பெரும்பாலான பயண முகவர்களின் திட்டம் ஒரே வார்ப்பில் அமைந்தது. விமானம் பெரும்பாலும் காலையிலோ நண்பகலிலோ இறங்குகிறது. உணவுக்குப் பின் கார்பின் கோவ் கடற்கரை, பின்னர் செல்லுலார் சிறை, அந்தி சாய்ந்தபின் அங்கேயே ஒலி ஒளிக் காட்சி. மறுநாள் காலை படகு. ஆகவே சிறை வளாகத்தில் பிற்பகலில்தான் நெரிசல் மிகுதி.

எனவே நாம் வரிசையை மாற்றினால் போதும். வந்திறங்கிய நாளில் ஓய்வெடுத்து, மாலையில் மெரினா பூங்காவில் கடற்காற்று வாங்கலாம். அபர்தீன் பஜாரில் நடக்கலாம். அங்கே கடைக்காரர் பலர் நம்மிடம் தமிழிலேயே பேசுவர். வங்காளம், இந்தி ஆகியவற்றுக்கு அடுத்தபடி அத்தீவுகளில் மிகுதியாகப் பேசப்படும் தாய்மொழி தமிழ். நகரிலுள்ள வெற்றிமலை முருகன் கோயில் தமிழர்கள் கூடும் இடம். அடுத்த நாள் காலை, சிறை திறக்கும் நேரத்திலேயே அங்கே இருக்க வேண்டும்.

1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடிக்கப்பட்ட அச்சிறை, நடுவில் ஒரு கோபுரமும் அதிலிருந்து சக்கர ஆரங்கள்போல் விரியும் ஏழு சிறகுகளும் கொண்டது. அவற்றுள் மூன்று மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. 1979 பிப்ரவரி 11 அன்று அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைக் காண இயலாதபடி, ஒரு சிறகின் முன்புறம் அடுத்த சிறகின் பின்புறத்தை நோக்குமாறு அமைத்தனர். தனிமையே தண்டனையாக விதிக்கப்பட்ட இடம் அது. நெரிசலுக்கு நடுவே நின்று அத்தனிமையை உணர இயலாது. அந்த இடத்துக்குக் கூட்டமில்லாத நேரத்தைத் தேடுவது வெறும் வசதிக்காக மட்டுமன்று.

முன்பு ராஸ் தீவு எனப்பட்ட நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவுக்கும் காலையில் புறப்படும் முதல் படகுகளே உகந்தவை. சாத்தம் மர அறுவை ஆலை 1883இல் தொடங்கப்பட்டது. அதையும் மானிடவியல் அருங்காட்சியகத்தையும் மழை பெய்யும் பிற்பகலுக்கு ஒதுக்கி வைக்கலாம். அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை உண்டு என்பதால், திறந்திருக்கும் நாளை விடுதியில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

நேரத்தைப் பற்றி இன்னொரு செய்தி. அந்தமான் நமக்குக் கிழக்கே வெகுதொலைவில் இருந்தாலும் கடிகாரம் ஒன்றே. அதனால் அங்கு கதிரவன் சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாக எழுந்து, முன்னதாகவே மறைகிறது. நவம்பர் நடுவில் சென்னையில் 5.40 மணியளவில் நிகழும் கதிரவன் மறைவு, அங்கு ஐந்து மணிக்கு முன்னரே நிகழ்ந்துவிடும். "மாலை ஐந்தரைக்குப் போனால் போதும்" என்று சிடியா டாப்புக்குக் கிளம்பியவர்கள் இருளில் கடலைப் பார்த்துத் திரும்பியதை நான் அறிவேன். நகரிலிருந்து 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்விடத்துக்குப் பிற்பகல் மூன்று மணிக்கே புறப்பட வேண்டும். மறுபுறம், காலை ஆறு மணிக்கே நல்ல வெளிச்சம் இருக்கும். அதிகாலையில் எழுபவருக்கு அந்தமானில் ஒவ்வொரு நாளும் கூட்டமில்லாத இரண்டு மணி நேரம் இலவசமாகக் கிடைக்கிறது.

பணத்தைத் திட்டமிடுதல்

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு குடும்பம் பயணத்துக்காக 1,20,000 ரூபாய் செலவிட எண்ணுகிறது. மாதம் 10,000 ரூபாய் வீதம் ஓராண்டுத் தொடர் வைப்புக் கணக்கில் சேர்த்தால் அசல் தொகை முழுவதும் சேர்ந்துவிடும். வட்டி கூடுதல். தீபாவளிக்குப் பிந்தைய இடைவெளியில் செல்ல விரும்புவோர், முந்தைய ஆண்டின் தீபாவளியிலேயே கணக்கைத் தொடங்கினால் காலம் பொருந்திவரும். கடன் அட்டையில் செலவிட்டுவிட்டுப் பின்னர் பல மாதங்கள் வட்டி கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அத்தொகையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 12,000 ரூபாய், தொடப்படாமல் இருக்கட்டும். படகு நின்று ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் அறை வாடகைக்கும் உணவுக்கும் அது உதவும். ஒன்றும் நேராவிட்டால் திரும்பி வந்து மீண்டும் சேமிப்பில் போடலாம்.

பயணச்சீட்டு எடுக்கும்போது கட்டணத்தை மட்டும் ஒப்பிட வேண்டாம். ரத்துக் கட்டணத்தையும், தேதி மாற்றத்துக்கான கட்டணத்தையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். புயற்காலத்தில், திருப்பித் தரப்படாத மலிவான சீட்டைவிடத் தேதி மாற்ற இடம் தரும் சீட்டே சில வேளைகளில் சிக்கனமானது. பயணக் காப்பீடு எடுத்தால், வானிலையால் ஏற்படும் தாமதத்துக்கு இழப்பீடு உண்டா என்ற பகுதியைப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழைக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்ட பின் அங்கு இணைய வசதி பெரிதும் மேம்பட்டுள்ளது. என்றாலும் சிறு தீவுகளில் மோசமான வானிலையின்போது இணைப்பு தடைப்படலாம். இரண்டு நாள் செலவுக்கான ரொக்கத்தைத் தலைநகரிலேயே எடுத்துக்கொண்டு படகேறுவது நல்லது.

படகுச் சீட்டு, அறை முன்பதிவு ஆகியவற்றின் பெயரால் போலி இணையதளங்கள் இயங்குகின்றன. தேடுபொறியில் முதலில் வரும் எண்ணை அழைத்து முன்பணம் அனுப்ப வேண்டாம். ஏமாற நேர்ந்தால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையும் உங்கள் வங்கிக் கிளையையும் அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் செய்யப்படும் புகாரே பணத்தைத் தடுத்து நிறுத்த மிகவும் உதவுகிறது.

தீவினரின் பக்கம்

இத்தாலியின் வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகும் குறிப்பிட்ட நாள்களில் பகலில் வந்து திரும்பும் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. வருபவர்களை வெறுத்து அந்நகரம் அதைச் செய்யவில்லை. ஒரே நாளில் அனைவரும் வருவதைத் தாங்க இயலாமல் செய்தது.

அந்தமானில் இத்தகைய நெருக்கடியை வேறு வடிவில் கண்டேன். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அத்தீவுகள் அனைத்திலும் சேர்த்து 3,80,581 பேரே வாழ்ந்தனர். நகரின் குடிநீர்க்கு முதன்மையான ஆதாரம் தனிகாரி அணை. மழைக்காலம் முடியும் தறுவாயில் நிறைந்திருக்கும் அந்த அணை, கோடையை நெருங்கும்போது வற்றத் தொடங்கும். அப்போது வீடுகளுக்குத் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாளும், அதனினும் தாமதமாகவும் வருவது உண்டு. நவம்பரில் செல்பவர் நீர் நிறைந்த ஊருக்கு விருந்தாளியாகச் செல்கிறார். தீவுகளுக்கிடையே ஓடும் படகுகளையே அங்குள்ள மக்களும் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் நம்பியுள்ளனர் என்பதையும் மறக்கக் கூடாது.

வங்கி அலுவலராக நான் கண்டது இன்னொன்று. ஆட்டோ ஓட்டுநர், படகில் பணிபுரிபவர், சிறு விடுதி நடத்துபவர் ஆகியோரின் கணக்குகளில் டிசம்பர், ஜனவரியில் பணம் வந்து குவியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வரவு ஏறக்குறைய நின்றுவிடும். தவணையோ மாதந்தோறும் கட்ட வேண்டியது. எட்டு அறைகள் கொண்ட விடுதி ஒன்றை நடத்திய வாடிக்கையாளர் ஒருவர், மழைக்கால மாதங்களில் தொடர்ந்து தவணை தவறினார். ஆவணங்களைப் பார்த்தால் அவர் ஒழுங்கற்றவர் என்றே தோன்றும். அவருடைய வரவைப் பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்து எழுதிப் பார்த்தபோதுதான் தவறு தவணை அமைப்பில் இருப்பது புரிந்தது. உழவர் கடனை அறுவடையை ஒட்டித் திருப்பிச் செலுத்தச் செய்கிறோம். அவருடைய அறுவடை டிசம்பரில் இருந்தது. விதிகளுக்கு உட்பட்டுத் தவணைகளை மாற்றி அமைத்தோம். அதன் பிறகு அவர் தவறவில்லை.

கூட்டம் குறைந்த மாதத்தில் செல்லும் ஒவ்வொரு குடும்பமும் அத்தகைய ஒருவரின் வெற்று மாதத்தில் ஒரு வரவாகிறது. நாம் நெரிசலைத் தவிர்ப்பது நம் வசதிக்காகவே இருக்கலாம். அதனால் எதிர்ப்புறத்தில் இருப்பவருக்கும் நன்மை விளைகிறது.

மீண்டும் ஒரு காலை

தீவில் என் மூன்றாம் ஆண்டின் நவம்பரில் பெற்றோரை மீண்டும் அழைத்தேன். தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிறை திறந்தவுடன் உள்ளே சென்றோம். முற்றத்தில் எங்களைத் தவிர ஏழெட்டுப் பேரே இருந்தனர். தாயாரின் முழங்கால் இரண்டு ஆண்டுகளில் மேலும் மோசமாகியிருந்ததால் மேல்தளம் ஏறவில்லை. கீழ்த்தளத்தில் ஓர் அறைக்குள் நுழைந்து நின்றார். பதின்மூன்றரை அடி நீளம், ஏழரை அடி அகலம். எட்டாத உயரத்தில் ஒரு சிறு சாளரம். பின்னால் யாரும் நெருக்கவில்லை. கால் மணி நேரம் அங்கேயே இருந்தார். வெளியே வந்து, "இத்தனை வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தேன். இவ்வளவு சின்ன இடம்னு எனக்கே தெரியாது" என்றார்.

மறுநாள் கடல் எச்சரிக்கை வந்தது. ஸ்வராஜ் தீவுக்குச் செல்லும் படகு ரத்தானது. காப்பு நாள் இருந்ததால் ஒரு நாள் தாமதமாகச் சென்று வந்தோம். தந்தையார் அந்த வெற்று நாளை விடுதித் திண்ணையில் மழையைப் பார்த்துக் கழித்தார். பயணத்தில் தமக்கு மிகவும் பிடித்த நாள் அதுவே என்று இன்றும் சொல்கிறார்.

நினைவில் கொள்ள

1. நீங்கள் செல்லவிருக்கும் ஆண்டில் துர்கா பூஜையும் தீபாவளியும் எந்தத் தேதிகளில் வருகின்றன என்று பாருங்கள்.
2. தீபாவளிக்கு எட்டு நாள் கழித்துத் தொடங்கி, டிசம்பர் 15க்குள் பயணத்தை முடியுங்கள்.
3. திங்கள் முதல் வியாழனுக்குள் தலைநகரின் முக்கிய இடங்களைக் காணுங்கள்.
4. சிறைக்குக் காலையில் செல்லுங்கள். மாலைக் காட்சிகளுக்குக் கதிரவன் முன்னதாகவே மறைவதைக் கணக்கில் கொள்ளுங்கள்.
5. ஒரு காப்பு நாளும், செலவில் பத்தில் ஒரு பங்குக் காப்புத் தொகையும் ஒதுக்குங்கள்.
6. உடன் வருபவர்களுள் மெதுவாக நடப்பவர் யாரோ அவருக்கு ஏற்றவாறு நாளைக் குறியுங்கள்.

ஆறாவதை நான் முதல் முறை மறந்தேன். மற்ற ஐந்தும் அதற்காகவே உள்ளவை.